ஆறாத பானெட்

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்துக் கார்களையெல்லாம் பறித்த காலத்தில், காஜா பெராங் ஊரில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் என் பழைய காரை வைக்கோல் போட்டு மறைத்திருந்தேன். மனைவியின் தலைக்குக் கிடைக்காத தேங்காய் எண்ணெய் அதற்குக் கிடைக்கும். அப்படியொரு பைத்தியம் நான். இன்ஜின் இறுகிவிடக்கூடாதென்று அவ்வப்போது ஓடவும் விடுவேன்.

ஒரு காலை, இன்ஜினை அணைத்த சற்று நேரத்தில் சிப்பாய்கள் வந்து வைக்கோலை விலக்கினார்கள்.

“செத்த வண்டி, துவான். கோழிதான் முட்டை போடுது,” என்று மலாயில் ஐயா போட்டு இளித்தேன்.

ஒருவன் பானெட்டைத் தொட்டான். சுட்டது. துப்பாக்கியை நீட்டி, ஓட்டுபவன் யாரென்று மலாயில் கேட்டான். நான் குனிந்து, சரிந்த வைக்கோலை அள்ளத் தொடங்கினேன்.

“நான்தான், துவான்,” என்று முன்னால் வந்தான் எங்களோடு இருந்த மனைவியின் தம்பி. “அக்காவைப் பாத்துக்குங்க, மாமா.”

சிப்பாய்கள் கொண்டுபோன காரும் அவனும் திரும்பவில்லை.

இப்போதும் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். கிளப்பி அணைத்தால், பானெட் ஆறும்வரை அதன் பக்கத்திலேயே நிற்பேன். அதுவரை சாப்பிட வரச்சொல்லி மனைவியும் கூப்பிடுவதில்லை.