ஏர் பிடிக்கும் பிள்ளை

என் மகன் சின்னானும், அடிவாரத்தில் எங்களிடம் மிளகு வாங்கும் கடைக்காரரின் மகனும் சேர்ந்து ஒரு தோப்பில் இளநீர் திருடிவிட்டார்கள். பிடித்த போலீஸ்காரர் கடைக்காரர் மகனை, "ஊட்டுக்குப் போ கண்ணு" என்று அனுப்பினார். என் மகனை மட்டும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்.

"மலைக்காரப் பயலுக்கு என்ன வயசு?" என்று, சேதி கேட்டு ஓடிவந்த என்னைக் கேட்டார்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் நாங்கள் வயதை எண்ணுவதில்லை, செய்யும் வேலையைத்தான் சொல்வோம். மதிப்பாக இருக்கட்டுமே என்று, "ஏர் பிடிப்பானுங்க" என்றேன்.

"அப்ப ஆம்பளைதான். ஜெயிலுக்குப் போகட்டும்."

அந்நேரம் கடைக்காரர் மனைவி தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, எங்க கடையிலதான் ரெண்டும் ஒண்ணாத் தவழ்ந்துச்சுங்க. பன்னெண்டு வயசு. அவன் ஆம்பளைன்னா இவனும் ஆம்பளைதான். இவனையும் உள்ள வெச்சுக்கங்க" என்றார்.

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போது எங்கள் நாட்டில் பிள்ளை பிறந்தால் கிராம முன்சீப்பிடம் சொல்லிப் பிறந்த தேதியைப் பதிய வைக்கிறேன். யார் பிள்ளை பிடிபட்டாலும் கூடவே மலையிறங்கி, கூச்சத்தோடாவது வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் வாய் திறக்கும் முன்பே அந்தப் போலீஸ்காரர், பிடிபட்ட எங்கள் நாட்டுப் பையன் ஒருவனிடம், "உனக்கு எத்தனை வயசு கண்ணு?" என்று கேட்டார்.