வேன் ஏறாத கிளாடிஸ்

கப்பல் கேப்டனிடமிருந்து அழைப்பு வந்தால் கிளாடிஸ் முதலில் மேசைக்கடியில் காலால் துழாவுவார். அலுவலகத்தில் நாள் முழுக்க ரப்பர் செருப்புதான். கேப்டனோடு பேச மட்டும் ஷூ. போனில் கால் தெரியவா போகிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியுதுல்லா" என்பார். பேசி முடித்ததும் மறுபடி செருப்பு. செருப்புக்கு மாறிவிட்டால் வேலை முடியாமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவர் சீனியர். கப்பல்கள் எல்லாம் அவருக்கு 'அவன்'. "அவன் வெளியில நங்கூரம் போட்டுக் கெடக்கான், தண்ணி கேக்கான்" என்பதைக் கேட்டால், சொந்த ஊர் வேம்பாரிலிருந்து வந்த தம்பி யாரோ வாசலில் நிற்பதாகத் தோன்றும். இறக்குமதிக்காரர்கள் அவசரத்துக்கு அழைப்பது அவரைத்தான். மேனேஜர் நாற்காலி மட்டும் இன்னும் அவருக்கு வரவில்லை. இறக்குமதிக்காரர்களிடம் பேசிப் புதுச் சரக்கு பிடித்து வருகிறவருக்குத்தான் அது என்பது முதலாளியின் தீர்மானம்.

சரக்கு பிடிபடுகிற இடம் ஏஜென்டுகள் சங்கத்தின் ஆண்டு விருந்து. அழைப்பிதழில் 'குடும்பத்துடன்' என்றிருக்கும். சாப்பாடு முடிந்ததும் பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டில் விட வேன் வரும். வேன் கேட்டைத் தாண்டிய பிறகு, கூலிக்கு அழைத்துவந்த நடனப் பெண்கள் மேடையேறுவார்கள். யாருக்கும் மனைவியாக வராத கிளாடிஸும் அந்த வேனில்தான் போயாக வேண்டும். மாதக்கணக்கில் அவர் பேசிப் பழக்கி வைத்திருந்த உர இறக்குமதிக்காரரைப் போன வருஷம், வேன் போன பிறகு, வேறொரு ஏஜென்சிக்காரர் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கிளாடிஸுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

இந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் நடனம் தேவையா என்று விவாதம். பண்பாடு கெடுகிறது என்றார்கள் பாதிப் பேர். நடனம் இல்லாவிட்டால் வெளியூர்ப் பார்ட்டிகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றார்கள் மீதிப் பேர். நடனத்துக்கு எதிரான செயலாளர் செந்தில்வேல், பெண்பிள்ளை தன் பக்கம்தான் பேசுவார் என்று நம்பிக் கிளாடிஸிடம் கருத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஆடுத பிள்ளையள் மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. அதுவ வேலைக்கு வருதுவ, நானும் வேலைக்குத்தான் வாரேன். என்னைய வேன்ல ஏத்தி விட்டுட்டு நீங்க தொழில் பேசுதியளே, அதத்தான் நிறுத்தணும்."

இரண்டு பக்கத்துக்கும் அது பிடிக்கவில்லை. நடனம் உண்டு என்று முடிவாயிற்று. வேனும் உண்டு.

விருந்தன்று வேன் ஹாரன் அடித்தது. செந்தில்வேலே வந்து, "மேடம், வேன் காத்துக்கிட்டு நிக்கு" என்றார். கிளாடிஸ் கைப்பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துக் கீழே போட்டார், ஷூவைக் கழற்றினார். பிறகு நாற்காலியை மர இறக்குமதிக்காரரின் மேசைக்கு இழுத்துப் போட்டு, அவருடைய அடுத்த கப்பல் எங்கே வருகிறான் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

பாட்டு தொடங்கியது. இரண்டு பெண்கள் ஆடினார்கள். வழக்கமாக விசிலடிக்கிறவர்கள் இன்று தட்டிலிருந்த முந்திரியைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாட்டு நின்றது. அந்தப் பெண்கள் மூச்சு வாங்க மேடையில் நின்றார்கள். கிளாடிஸ் இருக்கும்போது கைதட்ட ஒருவருக்கும் துணிவில்லை.

கிளாடிஸ் பேச்சைப் பாதியில் நிறுத்தி, மேடைப் பக்கம் திரும்பி, கைதட்டினார்.