சாய்ஹோங் சேர்த்துப் பேசிய வசனம்

சாய்ஹோங்கைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னால், எங்கள் கூத்துக் குழுவில் மிச்சமிருக்கும் நாலு பேரும் சிரிப்பார்கள். "அவளைப் பத்தி எழுத என்ன கிடக்கு? மேடையில புலி, கீழ இறங்கினா பூனை" என்பார்கள். சரிதான். மேடையில் அவள் விஷம் வைக்காத மருமகள் இல்லை, துரத்தாத மூத்த தாரம் இல்லை. கீழே வந்தால் எங்கள் எல்லோருடைய கிழிசலையும் அவள்தான் தைப்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கஞ்சி காய்ச்சி, ஊதி ஊதிக் கொடுப்பாள்.

ஊர் ஊராகப் போய்க் கோயில் வாசலில் கொட்டகை போட்டு ஆடுகிற பிழைப்பு எங்களுடையது. எங்கள் யுன்லின் மாவட்டத்துக் கிழவிகளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கரும்புச் சக்கையால் அடிப்பார்கள், கடித்த கொய்யாவை வீசுவார்கள். சாய்ஹோங் வேஷத்தைக் கலைக்கும்போது கொண்டையிலிருந்து சக்கையை எடுத்து, "இன்னிக்கு ஏழு விழுந்துது. நேத்து நாலுதான்" என்று பெருமையாகக் காட்டுவாள்.

நான் போங்யோ. போனால் போகிறது, இதையும் வளர்ப்போம் என்று வேண்டாத பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது. எனக்கு என்றைக்கும் வேலைக்காரி வேஷம்தான். தேநீர்த் தட்டோடு வருவேன், நிற்பேன், போவேன். மூன்றாவது ஆள் சியோக்கிம். அவளுடையது அழுகை வேஷம். கட்டின புருஷனால் கைவிடப்பட்டு, மாமியாரிடம் அடிபட்டு, மழையில் நடக்கிற உத்தமி. அவள் ஒரு இழுப்பு இழுத்துப் பாடினால் கசாப்புக் கடைக்காரன்கூட முகத்தைத் துடைத்துக்கொள்வான். மூன்று பேரையும் ஒரே வருஷத்தில், ஏழு எட்டு வயதில், பெற்றவர்கள் குழுவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நான் சொல்லப்போவது நடந்தபோது இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாயில் படுத்துவந்தோம்.

சியோக்கிமுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தகப்பன் யாரென்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் நோண்டவில்லை. உப்பளத்துப் பக்கம் அவள் அண்ணன் வீட்டில், அண்ணன் மகளாக வளர்ந்தது. அத்தை, அத்தை என்று இவளைக் கூப்பிடும். குழுவில் எனக்கும் சாய்ஹோங்குக்கும் மட்டும்தான் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆவோங் வந்தான். அரிசிச் சேமியா பிழிந்து மூங்கில் தட்டியில் காயவைக்கிற குடும்பம். நல்ல பையன். நாங்கள் எந்த ஊரில் ஆடினாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவான். சியோக்கிம் அவனிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வந்து, "எங்க அம்மாகிட்டயும் சொல்லிடுவோம், சியோக்கிம். ரெண்டு நாள் கத்துவாங்க. அப்புறம் அடங்கிடுவாங்க" என்றான்.

கெடுத்தது சாய்ஹோங்.

"பைத்தியமாடி உனக்கு? இப்பவே எதுக்குச் சொல்ற? முதல்ல கல்யாணம் முடியட்டும். மருமகளா உள்ள போய் உக்காந்துட்டா கிழவி என்ன பண்ணுவா?" என்று சியோக்கிமின் முடியைக் கோதிக்கொண்டே சொன்னாள். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தது! எனக்கே அது நல்ல யோசனை என்று பட்டது. சியோக்கிம் ஆவோங்கையும் சம்மதிக்க வைத்தாள். ஆவோங்கின் அம்மா உப்பளத்து வீட்டுக்கு நிச்சயத் தேநீர் குடிக்க வந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த சிறுமியை மடியில் இழுத்து வைத்துத் தலை பின்னிவிட்டாள். சியோக்கிமுக்கு உயிர் போய்ப் போய் வந்ததாம். பெட்டி பெட்டியாக நிச்சயப் பலகாரம் வந்து இறங்கியது. கல்யாணச் சட்டையைச் சாய்ஹோங்தான் தைத்தாள்.

அவளுக்குப் பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆவோங்மேல் அவளுக்கு ஆசையில்லை. சியோக்கிம் போய்விடுவாள், தான் இதே கொட்டகையில் கொய்யா அடி வாங்கிக்கொண்டே கிழவியாவோம் என்பதுதான் அவளை அரித்தது. சட்டையில் பொத்தான் தைக்கும்போது என்னிடம், "அவ அழுதா ஊரே அழுவுது. நான் அழுதா ஒரு நாய் திரும்பிப் பாக்குமா?" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கடல் தெய்வமான மாசோ அம்மன் பிறந்தநாளுக்கு ஆவோங்கின் ஊரிலேயே ஆட்டம் அமைந்தது. மாமியாராகப் போகிறவளை அழைத்து வரச் சொல்லி ஆவோங்கிடம் சொல்லியனுப்பியதும் சாய்ஹோங்தான், முன்வரிசையில் பெஞ்சு போட்டு வைத்ததும் அவள்தான். "மருமகளோட திறமையை அந்தம்மா பாக்க வேணாமா?" என்றாள்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கூத்தில் எழுதிவைத்த வசனம் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் கதை சொல்கிற வாத்தியார் எங்களை உட்காரவைத்து, யார் யாருக்குப் பெண்டாட்டி, யார் யாரை மாட்டிவிடுகிறாள், யார் அழுதுகொண்டு வெளியேறுகிறாள் என்று சொல்வார். பேச்சும் பாட்டும் அவரவர் சாமர்த்தியம். சட்டம் ஒன்றே ஒன்று. மேடையில் ஒருத்தி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்தது என்றே ஆகிவிடும். எதிரே நிற்பவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். கதையில் இது இல்லையே என்று முழிப்பவளுக்கு வசனத்தைக் கீழே போட்டவள் என்று பெயர். அந்தப் பெயர் வாங்கினவளை எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள்.

அன்றைய கதையில் இளைய தாரம் மூத்தவள்மேல் மாமியாரின் கொண்டை ஊசியைத் திருடியதாகப் பழி போட வேண்டும். மூத்தவள் மறுத்துப் பாடி, அழுது, வெளியேற வேண்டும். அவ்வளவுதான்.

வெயில் சாயாத நேரம். மேடை கோயிலைப் பார்த்து இருந்தது. நான் தட்டோடு நின்றேன். சாய்ஹோங் முன்னால் வந்து விரலை நீட்டினாள். ஊசி என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை.

"மாமி, உங்கள் மூத்த மருமகளை உத்தமி என்று நினைத்தீர்களா? உப்பளத்தில் இவள் அண்ணன் வீட்டில் ஒரு பெண் வளர்கிறதே, இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு மச்சத்தோடு! அதைப் பெற்றது யார் என்று கேளுங்கள்!"

மத்தளக்காரர் கை ஒரு நொடி நின்று, பிறகு அடித்தது.

கதைப்படி சியோக்கிம் மறுக்க வேண்டிய இடம்தான் அது. "பொய்" என்று ஒரு சொல் போதும். அவள் திறந்த கோயில் கதவைப் பார்த்தாள். அப்புறம் பாட ஆரம்பித்தாள். ஆமாம், நான்தான் பெற்றேன், அத்தை என்று அது கூப்பிடும்போதெல்லாம் என் மார் கனத்தது என்று பாடினாள். எத்தனையோ பேரிடம் மறுத்திருக்கிறேன், அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க நாக்கு எழவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

கூட்டம் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் தந்த பரிசுத் தொகையை எழுதின சிவப்புத் தாள்களை மேடைத் தூணில் ஒட்ட இடம் போதவில்லை. சாய்ஹோங்மேல் கொய்யா மழை. முன்வரிசையில் ஆவோங்கின் அம்மா மட்டும் அழவில்லை. அந்தச் சிறுமிக்குத் தலை பின்னிய விரல்களை விரித்து ஒருதரம் பார்த்துக்கொண்டாள். எழுந்தாள், போனாள். மறுநாள் நிச்சயம் முறிந்தது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆவோங் ஒரே ஒரு தடவை வந்தான். சைக்கிளை விட்டு இறங்காமல், "அம்மா கிணத்துல விழுந்துடுவேங்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான்.

இப்போது என் பங்கு. தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே மரம் மாதிரி நின்றேனே, எனக்கும் வாய் இருந்தது. "அம்மா, அந்தப் பெண் நான் பெற்றது! மூத்தம்மா எனக்காக மறைத்தார்கள்!" என்று மேடை மாமியாரின் காலில் விழுந்திருந்தால் மேடைச் சட்டப்படி அதுதான் உண்மையாகியிருக்கும். சேமியாக் கிழவியும் வேலைக்காரியின் கதை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த வசனம் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று பேரில் ஒருத்தி மட்டும் கரையேறுவதா என்று எனக்குள்ளும் ஒரு அழுக்கு இருந்தது. சாய்ஹோங்கைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"வாய் தவறிடுச்சு வாத்தியாரே" என்று சாய்ஹோங் சொன்னாள். எங்கள் தொழிலில் வாய் தவறியதையும் வேண்டுமென்றே சொன்னதையும் பிரித்துப் பார்க்க ஆண்டவனாலும் முடியாது. வாத்தியார், "தவறின வாய்க்கு மச்சம் எந்தக் காதுன்னு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அதோடு சரி.

சியோக்கிம் சண்டை போடவில்லை. பாயையும் மாற்றவில்லை. உப்பு வேண்டுமென்றால், "உப்பை எடு" என்பாள். எனக்கென்னவோ அவள் இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாய்ஹோங் சுருங்கிப் போனாள். இளைய தாரம் வேஷம் கட்டினால் நடுவில் வார்த்தை நின்றுபோயிற்று. கரும்புச் சக்கை விழுந்தால் இப்போது நிஜமாகவே தலையைக் குனிந்தாள். ஒரு வருஷத்தில் அவளை வாயில்லாத வேஷங்களுக்கு இறக்கிவிட்டார்கள். என் பக்கத்தில் இன்னொரு தட்டோடு நின்றாள். புது வருஷத்துக்குப் புது வருஷம் அந்தச் சிறுமிக்குச் சட்டை தைத்து அனுப்புவாள். பிரிக்காமலே திரும்பி வரும்.

நாலாவது வருஷம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எங்கள் ஊர்களில் ஒருவன் இன்னொருவனுக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டால், தன் செலவில் அம்மனுக்கு ஒரு கூத்து போட்டுத் தீர்த்துக்கொள்வான். தண்டக் கூத்து என்போம். இன்னார் இன்னாருக்கு இன்ன தப்பு செய்தார் என்று சிவப்புத் தாளில் எழுதி மேடையில் ஒட்ட வேண்டும். குற்றவாளி கீழே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பாக்கும் சிகரெட்டும் நீட்ட வேண்டும். ஆட்டம் முடிந்தால் தப்பு கழிந்தது. அதற்கப்புறம் யாரும் வாயெடுக்கக் கூடாது.

ஒரு காலையில் மேடைக்குப் பின்னால் சியோக்கிம் தலை வாரிக்கொண்டிருந்தாள். சாய்ஹோங் போய் முழங்காலில் நின்றாள். நான் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சியோக்கிம், தண்டக் கூத்து போடுறேன்டி. அதே ஊர்ல, அதே வாசல்ல. ஊர் பாக்க நிக்கிறேன். காறித் துப்பட்டும். எனக்குச் சோறு எறங்கல, தூக்கம் வரல. வாய் தவறல. வேணும்னேதான் சொன்னேன். அந்தக் கிழவி வரணும்னு பெஞ்சு போட்டதும் நான்தான்."

"தெரியும்" என்றாள் சியோக்கிம். சீப்பு நிற்கவில்லை.

"அப்ப சரின்னு சொல்லு."

"தாள்ல என்ன எழுதுவ?"

சாய்ஹோங் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். 

"சொல்லேன். சாய்ஹோங் ஆகிய நான், சியோக்கிமோட எந்த ரகசியத்த, எந்த ஊர்ப் பொண்ணப் பத்தி... எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவ அவ இப்ப. பள்ளிக்கூடம் போறா. அன்னிக்கு நடந்தத ஊர்ல பாதிப்பேர் கூத்துன்னு நெனச்சு மறந்துட்டாங்க. நீ தாள் ஒட்டினா அது நெசம்னு ஆயிடும். உன் மனசு லேசாகணும்கிறதுக்காக என் பொண்ண இன்னொரு தடவ மேடையேத்தச் சொல்றியா?"

சாய்ஹோங் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்துநாலு வயசுதான். எழுந்த விதம் எழுபது வயசுக்காரி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒரே பாயில் படுத்தாள், ஒரே சட்டியில் சாப்பிட்டாள், மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. கழிக்க வழியில்லாத தப்போடுதான் போனாள்.

அன்று அவள் அந்தப் பக்கம் போனதும் துணியை அப்படியே போட்டுவிட்டுச் சியோக்கிமிடம் போனேன். தட்டோடு நின்றதையும், எனக்குத் தோன்றிய அந்த வசனத்தையும் கொட்டிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"சியோக்கிம், நானும் அன்னிக்கு..."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"நீ வேற ஆரம்பிச்சுடாத, போங்யோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம்தான்.