கடைசிப் பெயர் யார்னெல்

வக்கீல் ஜீனஸ் யார்னெல் தோற்றதே இல்லை. அதற்காக அவரைப் பெரிய சூரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெயிக்கிற பக்கம் எது என்று தெரிகிறவரை எந்தப் பக்கமும் உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

இண்டியானாவில், டாசன் என்கிற ஆற்றங்கரை ஊரில் பலகை மாட்டிய நாளிலிருந்தே இப்படித்தான். ஒருவன் பூட்ஸ் நிறையச் சேறும் கண் நிறையக் கொலைவெறியுமாக வருவான். "வக்கீலய்யா, அந்தப் பய பன்னி என் சோளத்த அழிச்சுப்புடுச்சு. அவன கோர்ட்டுல ஏத்தாம விடப்படாது!" யார்னெல் அவனுக்கு ஒரு குவளை ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பன்றிக்காரனுக்கும் ஆள் அனுப்புவார். அவனுக்கும் ஒரு குவளை. இருட்டுவதற்குள் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு போவார்கள். ஜெயித்தது தான்தான் என்று இரண்டு பேருமே வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

இப்பேர்ப்பட்ட ஆளை ஜனங்கள் சும்மா விடுவார்களா? சட்டசபைக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே அவருடைய பெயரே அவருக்குக் கைகொடுத்தது. ஓட்டெடுப்பு என்றால் குமாஸ்தா ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் பெயர் கூப்பிடுவார். யார்னெலுக்குப் பின்னால் வருகிற பெயர் அந்தச் சபையில் ஒன்றுகூட இல்லை. மூக்கடைத்த குரலில் குமாஸ்தா "ஆ...டம்ஸ்!" என்று ஆரம்பிக்கும்போது யார்னெல் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். பட்டியல் தன்னிடம் வந்து சேர்வதற்குள் காற்று எந்தப் பக்கம் என்பது தெரிந்துபோகும். "ஆம்" மிகுந்திருந்தால் "ஆம்!" என்பார், ஏதோ தாமே யோசித்து முடிவு கட்டியது மாதிரி, மேசையை ஒரு தட்டுத் தட்டி. எத்தனையோ பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இப்படியே ஓட்டுப் போட்டு மூன்று தேர்தல் தாண்டிவிட்டார்.

சிக்கல் சொந்த மாவட்டத்திலிருந்தே வந்தது. நீதிமன்றம் இருந்தது டாசனில், ஆற்றுக்குத் தென்கரையில். ஆற்றைத் தாண்டி வடக்கே வெஸ்லிவில் என்கிற ஊருக்கு ரயில் வந்ததும் அந்த ஊர்க்காரர்களுக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. நீதிமன்றத்தை எங்கள் ஊருக்கு மாற்று என்று கிளம்பினார்கள். நீதிமன்றம் போனால் டாசனில் என்ன மிஞ்சும்? ஆறும் கொசுவும்தான்.

யார்னெலின் மாமனார் எனோஸ் பிக்ஸ்லருடைய கடை நீதிமன்றத்துக்கு எதிரேயே இருந்தது. அவர் கேட்டபோது யார்னெல் சொன்னார்: "மாமா, நான் இருக்கிற வரைக்கும் கோர்ட்டு ஒரு அடி நகராது."

வெஸ்லிவில்லில் மாவு மில் வைத்திருந்தவர் கர்னல் க்ரம். எந்தப் போரில் கர்னல் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. புகையிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் கேட்டபோதும் யார்னெல் சொன்னார்: "கர்னல், என் மனசு உங்க பக்கந்தான். மசோதா சபைக்கு வரட்டும், பாருங்க."

மசோதா வருகிற அன்றைக்குக் காய்ச்சல் என்று விடுதியில் படுத்துக்கொள்வது யார்னெலுடைய திட்டம்.

ஒரு விஷயம் மட்டும் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. வடகரையிலிருந்து ஓத்தோ பீஸ்லி என்று ஒருவன் அவரிடம் வழக்குக் கொடுத்திருந்தான். அவனுடைய நில வழக்கு ஒன்றுதான் எத்தனை குவளைக்கும் மசியாமல் நீதிமன்றம் வரை போனது. "திங்கக்கெழம வந்தே ஆகணும் ஓத்தோ. வரலேன்னா நெலம் போச்சு" என்று சொல்லி அனுப்பியது யார்னெல்தான். அது பனி உருகி ஆறு பெருகுகிற மாதம். ஓத்தோ சொன்ன சொல் தவறாமல் குதிரையை ஆற்றில் இறக்கினான். குதிரை மட்டும் தென்கரை ஏறியது.

மசோதா சொல்லிக்கொண்டு வரவில்லை. கர்னல் பக்கத்து மாவட்ட உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது கொண்டுவந்துவிட்டார். யார்னெல் நிமிர்ந்து பார்த்தார். மாடியில் பார்வையாளர் வரிசையில் ஒரு பக்கம் டாசன்காரர்கள், நடுவில் மாமனார். மறுபக்கம் வெஸ்லிவில்காரர்கள், நடுவில் கர்னல். எல்லார் கண்ணும் இவர் மேலேயே இருந்தது. தொப்பியைக்கூட எடுக்காமல் நழுவிக் கதவண்டை போனார்.

வாசல்காரர் சாவியை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "பூட்டியாச்சுங்க. ஓட்டு முடியுமட்டும் ஈ கூட வெளிய போவ முடியாது."

"எனக்கு உடம்பு கொதிக்குதய்யா."

"அப்ப ஜன்னலோரமா உக்காருங்க. ஆறிடும்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். மசோதாவை எதிர்த்து யாரோ ஒருவர் ஆற்றங்கரைக் காற்றின் பெருமையைப் பேசினார். பிறகு ஓட்டு. குமாஸ்தா ஆரம்பித்தார். இந்தத் தடவை யார்னெல் கண்ணை மூடவில்லை, விரல் விட்டு எண்ணினார். ஆம், இல்லை, இல்லை, ஆம். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் என்ன வந்தது? ஆளுக்கு ஒரு வாயாகச் சொல்லிவிட்டு எச்சில் சட்டியில் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முன்னே போவார், அடுத்தவர் சமன் செய்வார். யாராவது முந்தித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கும்பிட்டார். இவருக்கு முந்தின பெயர்க்காரர் வுட்ரஃப் கொட்டாவி விட்டபடி "இல்ல்லை" என்றார். சரிபாதி.

"மிஸ்டர் யார்னெல்!"

சபை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. எப்போதும் முடிந்த கதைக்கு முற்றுப்புள்ளி வைக்கிறவர், அதனால் அவர் முறை வரும்போது எல்லாரும் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருப்பது வழக்கம். இன்றைக்கு ஒருவரும் சுருட்டவில்லை.

"மிஸ்டர் யார்னெல்?"

மாடியிலிருந்து மாமனார் குரல் இடி மாதிரி இறங்கியது. "என்ன மாப்ள, வாயில சோள ரொட்டியா அடச்சிருக்கு?"

"மாடியில் அமைதி!" சபாநாயகர் சுத்தியலால் தட்டினார்.

யார்னெல் எழுந்தார். "தலைவர் அவர்களே, இந்த ஓட்டிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும்."

"சபை விலக்குத் தருகிறதா?"

"இல்லை!" என்று கூரை அதிர்ந்தது. கட்சி வித்தியாசம் இல்லாமல் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது அந்தக் கூட்டத்தொடரில் அது ஒன்றுதான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டால்?"

"சரிபாதியானால் மசோதா தோற்கும். பேசாமல் இருப்பதும் ஓட்டுத்தான் மிஸ்டர் யார்னெல்."

அந்த வழியும் அடைபட்டது. அவர் மாமனாரைப் பார்த்தார். வீடு, மனைவி கெசையா, பதினெட்டு வருஷத் தொழில், எல்லாம் அந்தப் பக்கம். "இல்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் ஊர் பிழைக்கும். சொன்னால் அடுத்த வசந்தத்திலும் வடக்கத்தி ஆள் எவனுக்கோ, திங்கட்கிழமை வந்தே ஆகணும் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். சொல்லப்போகிறவரும் இவர்தான்.

"ஆம்" என்றார். மேசையைத் தட்டவில்லை. குமாஸ்தாவுக்கே காதில் விழாமல் மறுபடி கேட்டார். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

நீதிபதி மேடை, இரும்பு அடுப்பு, கூரை மணி எல்லாம் மாட்டு வண்டியில் ஏறி வடக்கே போயின. வக்கீல்களும் பின்னாலேயே போனார்கள். யார்னெலும் போகலாம் என்று கர்னலிடம் ஒரு வீடு விசாரித்தார்.

கர்னல் தோளில் தட்டினார். "வக்கீலே, எங்களுக்குப் பெரிய உபகாரம் பண்ணினீரு. ஆனா எங்க ஊர்ல வந்து பலக மாட்டிராதீரும். சொந்த மாமனாரயே கவுத்தவரு, எங்கள எத்தன நாளைக்கு வச்சிருப்பீரு?"

டாசனில் இருக்கிற வீட்டை விற்கலாம் என்றால், நீதிமன்றம் இல்லாத ஊரில் வீடு வாங்க எவன் வருவான்? அடுத்த தேர்தலில் இரண்டு ஊரும் முதல் தடவையாக ஒற்றுமைப்பட்டு இவரை வீட்டுக்கு அனுப்பின. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

கெசையா ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னாள்: "உங்ககிட்ட பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா வெறகு பொளக்க இந்த வீட்ல வேற ஆளு இல்லயே."

இலையுதிர் காலத்தில் ஒரு காலை மாமனார் வந்து வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். அவருடைய கோவேறு கழுதை ரயில் ஆள் ஒருவனை உதைத்துவிட்டதாம். வெஸ்லிவில் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி ஆணை வந்திருந்தது. யார்னெல் எதிரிலேயே நாற்காலியில் இருந்தார்.

"கெசையா, உன் புருஷன் வீட்ல இருக்காரா?"

"கண்ணு முன்னாடிதானே இருக்காருப்பா."

"எனக்குத் தெரியல. இருந்தா சொல்லு. இந்த ஊர்ல மிச்சமிருக்கிற வக்கீலு அந்த ஒரு ஆளுதான், என் தலையெழுத்து."

"மாமா, அந்த ரயில்காரரக் கூப்பிட்டுப் பேசினா..." என்று யார்னெல் ஆரம்பித்தார்.

"கெசையா, பேச்செல்லாம் வேணாம்னு சொல்லு. அந்த ஊருக்காரன் எவனோடயும் எனக்குப் பேச்சு கிடையாது. கோர்ட்டுல நின்னு என் கழுதைக்காக வாதாடணும். கழுதைக்கும் அவரப் புடிக்கல, அதையும் சொல்லு."

"எப்பப்பா கெளம்பணும்?"

"இப்பவே. வழியில ஒரு வார்த்த பேசப்படாது. இருமினா அந்தப் பக்கம் திரும்பி இருமணும்."

யார்னெல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மாமனாருடைய வண்டியில் உட்கார ஒரே பலகைதான், அதுவும் குறுகல். இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்தார்கள். வெஸ்லிவில் அரை நாள் வழி.