சாரதாமணி தைத்த பெல்ட்

சாரதாமணி போட்ட தையல் பிரிந்துபோனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவள் வேலைபார்க்கிற கம்பெனியில் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட முடியுமா என்ன? முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் பார்டாக் மிஷின் ஓட்டுகிறாள். பாக்கெட்டின் ஓரத்திலும் ஜிப் முடிகிற இடத்திலும் துணி வாய் பிளந்துவிடாமல் நெருக்கி நெருக்கி ஒரு தையல் விழுமே, டாக்கு என்பார்கள், அந்த வேலை. செக்கிங்கில் இருக்கிற பெண்கள் பீஸை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். "இழு கண்ணு, நல்லா இழு. துணி கிழிஞ்சாலும் கிழியும், என்ற டாக்கு பிரியாது" என்று இவள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்.

வாய் கொஞ்சம் நீளம்தான். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளின் சட்டைப் பொத்தான் நூலில் தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. "ஏனுங்க, இதைத் தெச்சவங்க தூங்கிட்டே தெச்சாங்களா?" என்று முகம் தெரியாதவரிடமே கேட்டுவிடுவாள். அவள் வீட்டுக்காரன் தனபால் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். "உன்ற வாயிக்கு ஒரு டாக்குப் போட எந்த மிஷினும் வல்லியே புள்ள" என்பான். அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மகள் யாழினி கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபோதுதான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒற்றைப் பிள்ளை. மண்ணரையில் அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் சமைத்த சோறு மிஞ்ச ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் தனபால் ஏற்றிவந்த வேஸ்ட் துணி மூட்டை ஒன்றில் ஒரு பூனைக்குட்டி கிடந்தது. வெள்ளை வெளேர் என்று, துணியோடு துணியாக. "இது என்ன, பீஸா பூனையா?" என்று தூக்கிப் பார்த்தவள் அதைக் கீழே விடவே இல்லை. பனியன் என்று பேர் வைத்தாள். வேலை முடிந்து அவள் சந்துக்குள் திரும்பும்போது மதில்மேல் உட்கார்ந்திருந்து, குதித்து, காலைச் சுற்றிக்கொண்டே வீடுவரை வரும். நாள் முழுக்க மிஷினோடு பேசிவிட்டு வருகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

லைன் வீட்டின் சொந்தக்காரர் திருமூர்த்தி. வீடுகளுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டு பேக்கிங் நடத்துகிறார். ஒருநாள் பெட்டிக்குள் போக இருந்த பீஸ்மேல் பூனை மூத்திரம் பெய்துவிட்டது. எந்தப் பூனை என்று யாருக்குத் தெரியும், அந்தச் சந்தில் பூனைகளுக்கா பஞ்சம்? அவர் சாரதாமணியின் வாசலில் வந்து நின்று தன்மையாகத்தான் சொன்னார்.

"அம்மணி, எனக்கு எந்தப் பூனை மேலயும் பகையில்லீங்க. பீஸ் கெட்டுப்போச்சுன்னா நான் என்னங்க பண்றது? ஆளுகள வரச் சொல்லிப்போட்டேன். தெருப்பூனைய எல்லாம் புடிச்சு எங்காச்சும் தூரத்துல உட்ருவாங்க. உங்குளுது வளக்கற பூனைங்கறதுக்கு அடையாளமா கழுத்துல ஒரு பெல்ட்டு மாட்டி உடுங்க. பெல்ட்டு இருந்தாத் தொட மாட்டாங்க."

அவர் தலை மறைந்ததுமே அவள் யாழினிக்குப் போன் போட்டாள். யாழினி ஆன்லைனில் ஒரு சிவப்பு நைலான் பெல்ட் வாங்கி அனுப்பினாள். சின்ன மணி, பிளாஸ்டிக் பூட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டிவிட்ட மறுநாளே பனியன் வெறுங்கழுத்தோடு வந்து நின்றது. பெல்ட் மதில்மேல் இருந்த முள்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி கழன்றது.

"அது இழுத்தாக் கழண்டுக்கற மாதிரித்தாம்மா செஞ்சிருக்காங்க" என்றாள் யாழினி போனில். "எங்காச்சும் மாட்டிக்கிச்சுன்னா பூனை தப்பிக்கோணுமில்ல? விழுந்தா விழட்டும். வேற வாங்கிக்கலாம்."

"விழுந்தா விழட்டுமா? நல்லா இருக்குது சாமி உன்ற நியாயம். அது விழுந்து கெடக்கற நேரம் பாத்து ஆளுக வந்து புடிச்சுட்டுப் போனாங்கன்னா? பூட்டுன்னு ஒண்ணு வெச்சா அது பூட்டாட்டம் இருக்கோணும்!"

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் தொழில் அப்படி. இழுத்தால் கையோடு வருகிற பொத்தான் அவள் லைனில் ரிஜெக்ட். குழந்தைத் துணி என்றால் கேட்கவே வேண்டாம், பிள்ளை வாயில் போட்டு விழுங்கிவிடுமென்று பொத்தானை மிஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பிரியாமல் இருப்பதுதான் பத்திரம் என்று கை பழகிவிட்டது. கழன்று போவதிலும் ஒரு பத்திரம் உண்டென்று மகள் சொன்னால் அது காதுக்குள் போகுமா?

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் வைத்து அந்தப் பூட்டை வெட்டி எறிந்தாள். நாடாவின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டாக்கு அடித்தாள். போதாதென்று இன்னொரு வரிசையும் அடித்தாள். செக்கிங் பெண்ணிடம் கொடுத்து, "இழு பாக்கலாம்" என்றாள். அவள் இழுத்துத் தோற்று, "அக்கா, இதுல யானையவே கட்டலாங்க்கா" என்றாள். சாரதாமணிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூடித் தைத்த வளையம் என்பதால் தலை வழியாகத்தான் மாட்டவேண்டும். அதற்காகக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துத் தைத்திருந்தாள். பனியனின் காதை மடக்கி, தலையை அமுக்கி மாட்டியபோது அது கத்தியது. "சித்த நேரம் பொறுத்துக்கடா, உன்ற நல்லதுக்குத்தான்" என்றாள். கழுத்தில் பெல்ட் லொடலொடவென்று ஆடியது. ஆடினால் என்ன, கழலவில்லையே!

ஆட்கள் வந்தார்கள். சந்தில் இருந்த பூனைகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக்கொண்டு போனார்கள். பனியன் பக்கம் யாரும் திரும்பவில்லை. "பாத்தீங்களா?" என்று தனபாலிடம் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

அதன்பிறகு ஒருநாள் அவள் வேலைவிட்டு வரும்போது மதில் வெறுமையாக இருந்தது. மறுநாளும் பூனை இல்லை. தட்டில் வைத்த சோறு எறும்பு மொய்த்துக் கிடந்தது. தனபால் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை முழுக்கப் போய் வந்தான். அவள் மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகத் திரிந்தாள். எங்கும் சத்தமே இல்லை. ஒரு வாரம் ஓடியதும் அவளுக்குச் சந்தேகம் ஒரே இடத்தில் போய் நின்றது.

திருமூர்த்தியின் கொட்டகை வாசலில், வேலையாட்கள் முன்னாலேயே கத்தினாள். "பெல்ட்டு இருந்தாத் தொட மாட்டாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? எங்கீங்க என்ற பூனை? வாயில்லாத சீவனப் புடிச்சுக் குடுத்துப்போட்டு நல்லவராட்டம் நிக்கறீங்களா?"

"அம்மணி, சத்தியமாச் சொல்றேன், உங்க பூனைய யாரும் தொடுலீங்க."

"நீங்க வெளங்குவீங்களா!" என்று குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அவர் வாசலில் வீசினாள். தனபால் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியின் பின்னால், சாய்த்து வைத்திருந்த தகரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் நாற்றம்தான் வந்தது. தகரத்தை விலக்கினால் பனியன். தோலும் எலும்புமாக, ஆனால் உயிரோடு இருந்தது. முன்னங்கால் ஒன்று பெல்ட்டுக்குள் நுழைந்திருந்தது. கழுத்திலிருந்து கழற்றப் பார்த்துக் காலை விட்டிருக்கிறது, விட்ட கால் திரும்பி வரவில்லை. வளையம் கழுத்துக்கும் அக்குளுக்கும் குறுக்காக இறுகி, அக்குளில் சதையை அறுத்து உள்ளே போய்விட்டிருந்தது. மணியும் அந்தப் புண்ணுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. அதனால்தான் சத்தமில்லை.

"அய்யோ, என்ற சாமி!" என்று அலறினாள். நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்துவந்தாள். வெளியே தெரிந்த இடம் அவள் தைத்த இடம் மட்டும்தான். அதில் டிரிம்மர் நுனியை வைத்து நெம்பினாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பூனை வலியில் அவள் கையைக் கடித்தது. கையை எடுக்காமல் மறுபடியும் நெம்பினாள். தனபால்தான், "உடு புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று பூனையைத் துணியில் சுற்றித் தூக்கினான்.

கால்நடை டாக்டர் ஜெயபாரதி மருந்து கொடுத்து மயங்கவைத்து, கத்தரியால் நாடாவை வேறு இடத்தில் வெட்டி எடுத்தார். தட்டில் விழுந்த பெல்ட்டில் டாக்கு அப்படியே இருந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு பூட்டு இருந்திருக்குமேங்க?"

"இருந்துச்சுங்க."

"இது யாருங்க தெச்சது?"

"நானுங்க" என்றாள் சாரதாமணி. அந்த ஒரு சொல்லை அவள் வாழ்க்கையில் எத்தனையோ தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் திட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து தையல் போட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாளில் தையல் பிரிந்துவிட்டது. அக்குள், நடந்தாலும் படுத்தாலும் இழுபடுகிற இடம். மறுபடி கொண்டுபோய்த் தைத்தார்கள். அதுவும் பிரிந்தது. "இந்த எடத்துல தையல் நிக்கறது சிரமந்தானுங்க" என்றார் டாக்டர். அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் சாரதாமணி. எந்தத் தையல் பிரியவேண்டுமோ அது பிரியவில்லை, எது நிற்கவேண்டுமோ அது நிற்கவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்லி அழுவது? கம்பெனியில் செக்கிங்கிலிருந்து யாராவது "டாக்கு சூப்பருங்க்கா" என்றால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவாள்.

கடைசியில், சீழ் உடம்புக்குள் பரவுவதற்குமுன் காலை எடுத்துவிடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாழினிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள், பூட்டை வெட்டி எறிந்ததையும் சேர்த்து. "நாந்தான் சொன்னேனே" என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "உசுரு இருந்தாப் போதும்மா" என்றுதான் சொன்னாள்.

மூன்று காலோடு பனியன் வீட்டுக்கு வந்தது. மதில் ஏற முயன்று விழுந்தது. பிறகு வாசலிலேயே படுத்துக்கொண்டது. முகம் துடைத்துக்கொள்ள இல்லாத காலைத் தூக்கப் பார்க்கும். தோள் மட்டும் அசையும். சாரதாமணி ஈரத்துணி எடுத்து அதன் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் திருமூர்த்தி வந்தார். மண்ணை வீசிய நாளிலிருந்து அவர் முகத்தில் விழிக்காமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து நின்றாள். "அன்னிக்கு நான் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணா" என்றாள்.

"அட, அதை உடுங்க அம்மணி" என்றார் அவர். பூனைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமென்று நினைத்திருப்பார், பாவம்.

"இனி இதுக்குப் பெல்ட்டே வேண்டாமுங்க. மூணு காலோட எங்க போனாலும் மண்ணரையில யாருக்கும் தெரிஞ்சுபோகும், இது சாரதாமணி ஊட்டுப் பூனைன்னு."

எதற்கும் பதில் வைத்திருக்கிற சாரதாமணி, "ஆமாங்கண்ணா" என்றாள். கையிலிருந்த ஈரத்துணியை வாயில் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.