இடப்பக்கம் திரும்பாத செயின் டிராக்டர்

“ஏட்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? அந்த டிராக்டரு எப்படி இறுகுச்சு, எப்படி விட்டுச்சுன்னு தெரிஞ்சு நீ என்னத்தப் பண்ணப் போற? சோத்தத் தின்னுட்டுப் பேசாமப் படுக்காம, செத்துப்போன இரும்போட கதையெல்லாம் எதுக்கு ஒனக்கு?”

பேத்தியை இப்படித் திட்டிவிட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். திட்டாமல் சொன்னால் கதையில் என் பங்கு சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

மகாராஜபுரத்துக்கு மேற்கே, ஓடையை ஒட்டி எங்களுக்கு ஒரு புஞ்சை இருந்தது. வேறு நிலம் கிடையாது. முந்தின வருடத்து ஐப்பசி மழையில் மலைத்தண்ணீர் இறங்கி அதில் கால்வாசியை அரித்துக்கொண்டு போனது. அடுத்த மழைக்குள் ஓடையோரம் மண்கரை போடாவிட்டால் மிச்சத்தையும் கொண்டுபோய்விடும். கரை போட எங்களிடம் இருந்தது ஒரு பழைய செயின் டிராக்டர். அணை வேலையில் ஓடி ஓய்ந்ததை என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முன்னால் மண் தள்ளும் பலகை. திருப்புவதற்கு ஸ்டீயரிங் வட்டம் கிடையாது, இரண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தால் இடது கிளட்ச் விட்டுக்கொடுத்து அந்தப் பக்கப் பட்டை நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலதும் அதே மாதிரி.

ஒரு வருடமாக வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைப் புரட்டாசி கடைசியில் கிளப்பினார். கிளம்பியது. வலப்பக்கம் திரும்பியது. இடது லீவரை நெஞ்சோடு சேர்த்து இழுத்தும் நேராகவே போய் எங்கள் எருக்குழியில் மூக்கை விட்டது.

மூன்று நாள் வலப்பக்கமே திருப்பி வேலை பார்த்தார். இடது பக்கம் ஒரு முழம் நகர வேண்டுமென்றால் வலப்பக்கமாக ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தில் பக்கத்து மிளகாய்த் தோட்டத்தின் வரப்பு இரண்டு இடத்தில் காணாமல் போனது. தோட்டக்காரி தெலுங்கு பேசுகிறவள், என்னிடம் வாயாடுவதற்கு மட்டும் நல்ல தமிழ் வைத்திருந்தாள். “என்ன மதினி, அண்ணன் எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டாரு? விடாம வலஞ்சுத்துதாரே” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் சுற்றியும் கரை முழங்கால் உயரம்கூட வரவில்லை. மலையில் தினமும் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் ராஜபாளையத்தில் பருத்தி ஜின்னிங் ஆலையில் மெஷின் பார்க்கிற ஒரு பாயைக் கூட்டி வந்தார். வயதானவர், அவசரப்படாதவர். சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டார். துருச்சேறு வந்தது. அதை விரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார். மறுபடி கையை விட்டார். காய்ந்து கறுத்த சாமந்திப் பூ ஒன்று வந்தது.

“கிளட்ச் தகடெல்லாம் துருப்புடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. தண்ணி எறங்கியிருக்கு” என்றார். பிறகு பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மழத்தண்ணியோட பூவுமா தாயி வரும்?”

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது. போன வருடத்து ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, கலப்பை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். வண்டியை மட்டும் அழுக்கோடு விடலாமா? மேலே ஏறி மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அந்த மூடி போல்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. திறந்தேன். உள்ளே ஒரே தூசி. வெளியே மட்டும் குளிப்பாட்டுவது என்ன பூஜை என்று ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்து, ஒரு கை பூவும் போட்டு மூடினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பாவம், அம்புட்டுத் தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். குனிந்து பலகையில் ஒட்டிய மண்ணைத் தட்ட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனம் ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும் என்றார் பாய். அதனால் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் இடது லீவரைக் கிணற்றுக் கயிற்றால் பின்னால் இழுத்துக் கட்டினார். வண்டி ஓடும்போது இடது பிரேக்கை அழுத்தினால், பட்டை நிற்கும், உள்ளே தண்டு சுற்றும், அந்த இழுப்பில் துரு விட்டுவிடும் என்பது கணக்கு. துருவுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. அழுத்தினால் எஞ்சின் அணைந்தது. வீட்டுக்காரர் வண்டியை முன்னால் விட்டு அழுத்தினார், அணைந்தது. பின்னால் வந்து அழுத்தினார், அணைந்தது. ஒவ்வொரு தடவையும் கிளப்புவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பொழுது உச்சிக்கு வந்தபோது அவர் மிதியை விட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தள்ளுங்க” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

“வேண்டாம் தாயி, சாய்ச்சுப்புடும்” என்றார் பாய்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட, நான் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரேக் மிதியில் இரண்டு காலாலும் ஏறி நின்றேன். என் கனம் அப்போது ஊரறிந்தது. நாலாவது ஆட்டத்தில் அடியில் வெடி போட்டதுபோல் ‘டப்’ என்றது. வண்டி இடப்பக்கம் வெட்டித் திரும்பியது, நான் அவர் மடியில் போய் விழுந்தேன்.

“ஒன் கையால கெட்டுச்சு, ஒன் காலால விட்டுச்சு. எறங்குட்டி” என்றார். மூன்று நாளில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

சந்தோசம் செத்த நேரம்தான். ஊறின எண்ணெயில் தகடு வழுக்கி, இடது பட்டை இழுக்கவே இல்லை. இப்போது வண்டி இடப்பக்கம் மட்டும் திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் அடியில் படுத்து மரையைக் கழற்றி எண்ணெயை வடித்தார், பெட்ரோல் விட்டு அலசினார், காயவிட்டார். அதில் ஒரு முழு நாள் போனது. மறுநாள் காலையில்தான் இரண்டு பக்கமும் ஒழுங்காகத் திரும்பியது. வீட்டுக்காரர் இரண்டு நாள் இறங்காமல் மண் தள்ளினார். முக்கால்வாசிக் கரை இடுப்புயரம் வந்தது. மூன்றாம் நாள் மழை முந்திக்கொண்டது.

கரை இருந்த இடமெல்லாம் நிலம் நின்றது. கரை முடிந்த இடத்தில் ஓடை உள்ளே புகுந்து கடைசி மூலையைத் தின்றுவிட்டது. அந்த ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் அந்த மூலையும் இருந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இன்றுவரை அவர் வாயால் சொன்னதில்லை.

மழை விட்டதும் மிளகாய்த் தோட்டக்காரி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். அந்த மூலையை ஏன் கரை போடாமல் விட்டீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“வேணும்னுதான் விட்டோம். ஓடத்தண்ணி ஐப்பசித் தீவாளிக்கு வீடு தேடி வார மாப்பிள்ளையில்லா, வெறுங்கையோடயா அனுப்புவாக?” என்றேன்.