முழங்காலிடாத பெண்

திங்கட்கிழமை மாலைகளில் அந்த அருங்காட்சியகத்தின் மரத்தரையிலிருந்து எழும் மெழுகு வாசம், அறையின் வெதுவெதுப்போடு கலந்து, மூக்கில் ஏறித் தொண்டையில் இனிப்பாய்த் தங்கும். அன்று பார்வையாளர்களுக்கு விடுமுறை. அம்மா துப்புரவு வேலை செய்யும் நாள். எனக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த நொஷாட்டல் நகரில், வீட்டில் தனியே இருக்க விடமாட்டார்கள் என்பதால், பள்ளி விட்டதும் நேரே அங்கே போய் ஒரு நீள மர ‘வாங்கில்’ அமர்ந்து வீட்டுப்பாடம் செய்வேன்.

அந்தக் குளிர்காலத்தில், அமெரிக்க அடிமை வாழ்வைச் சொல்லும் படங்களும் புத்தகங்களும் இரண்டு அறைகளை நிறைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்று, தப்பி வந்த அடிமை ஒருவர் தன் கதையைத் தானே எழுதியது. எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாக இருந்த ஊரில் அவர் எப்படி எழுதப் பழகினார் என்று வியந்து, பாடத்தை மறந்து அதன் முன்னே நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

ஒருநாள் அம்மா துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடி என்னை அழைத்தார்.

“பிள்ளை, இஞ்சை வா. இந்தப் பழைய படங்களைப் பார். எல்லாரையும் முழங்காலிலை இருத்தி, கையைக் கூப்ப வைச்சிருக்கினம். அந்தக் கரைப் படத்திலை இருக்கிற மனுசி மட்டும் நிமிர்ந்து நிக்கிறா. அதைக் கீறினது ஆர்?”

பெயர்ப்பலகையைப் படித்தேன். அடிமைகளின் வழிவந்த ஒரு கறுப்பினப் பெண் நம் காலத்தில் வரைந்தது. ஆளுயர ஓவியம், பருத்திக் காட்டின் நடுவே, மேலங்கிக்குள் ஒரு புத்தகத்தை மறைத்துப் பிடித்தபடி, நம்மை நேராகப் பார்க்கும் பெண். அந்தப் பார்வைக்கு முன் என் மேனி சிலிர்த்தது.

“அதுதானே,” என்றார் அம்மா. “மற்றப் படங்களைக் கீறினவை, அடிமையளுக்கு விடுதலை குடுக்க வேணுமெண்டு நினைச்ச நல்ல ஆக்கள்தான். ஆனாலும் கேக்கிற கையைத்தான் கண்டிருக்கினம். இடம்பெயர்ந்து முகாமிலை இருக்கேக்கை எங்களையும் அப்பிடித்தான் படம் எடுத்தவை. நான் அங்கை சின்னப் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சனான். அதை ஒருத்தரும் எடுக்கேல்லை.”

அந்த வாரமே என் வகுப்பு அங்கே வந்தது. பழைய படங்களுக்கும் அந்த ஓவியத்துக்கும் என்ன வேறுபாடு என்று ஆசிரியை கேட்டபோது, நான் கையுயர்த்தி அம்மா சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். “இதை நீயாகவே கண்டுபிடித்தாயா?” என்று ஆசிரியை வியப்போடு கேட்டார். அம்மா அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறார் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேனே தவிர, என்ன வேலை என்று யாரிடமும் சொன்னதில்லை. “ஆம்” என்றேன். எல்லார் முன்னும் என்னைப் பாராட்டினார்.

வீட்டில், பாராட்டுக் கிடைத்ததை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், கத்தி நின்றது.

“அம்மாதான் சொன்னவ எண்டு சொல்ல உனக்கு வெக்கமோ?”

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

மறுநாள் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஓவியத்தைப் பற்றி வகுப்புக்கு வந்து பேசும்படி அம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் வகுப்பாக நாங்கள் மீண்டும் அருங்காட்சியகம் போனபோது, அம்மா நீல வேலை அங்கியோடு அந்த ஓவியத்தின் பக்கத்தில் நின்று, தன் பெயரைச் சொல்லித் தொடங்கி, தெரிந்த பிரெஞ்சில் பாதியும் தமிழில் மீதியுமாகப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். முகாமில் மண்ணில் விரலால் கணக்கு எழுதிக் காட்டியதை அவர் சொன்னபோது, இருபது பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை. நான் தினமும் கண்ட அம்மாவின் முகம்தான். அன்றுதான் முதன்முறையாக அண்ணாந்து பார்த்தேன்.

இப்போது எனக்கு வயது இருபத்துநான்கு. அந்த ஓவியம் கடல் கடந்து போய்விட்டது. இரண்டு அறைகளையும் ஒன்றாக்கி ஏரிக் காட்சிகளை மாட்டியிருக்கிறார்கள். அம்மாவும் அந்த வேலையை விட்டுவிட்டார். சென்ற மாதம் ரயிலில், அன்று என்னோடு வந்த பழைய வகுப்புத் தோழனைச் சந்தித்தேன். அந்த ஓவியரின் பெயர் என்ன என்று கேட்டேன். அவனுக்கும் நினைவில்லை. சற்று யோசித்துவிட்டு, “உன் அம்மாவின் பெயர் நினைவிருக்கிறது,” என்று, அதை எழுத்துப் பிசகாமல் சொன்னான்.